பழங்கொடியா, புதுத்தோட்டமா, போர்ட்டா? டோரு பள்ளத்தாக்கின் மூன்று ஒயின்களில் எதை வாங்குவது

போர்த்துகலின் டோரு ஆற்றுச் சரிவுகளில் விளைந்த ஒயின் ஒன்றை வாங்கலாம் என்று தீர்மானித்துக் கடைக்குப் போகிறவர்கள், அங்கே அடுக்கின் முன் நின்று தடுமாறுவது உண்டு. ‘வின்யாஸ் வெல்யாஸ்’, அதாவது பழங்கொடிகள், என்று அச்சிட்ட ஒரு பாட்டிலின் விலையில் அதே பள்ளத்தாக்கின் எளிய சிவப்பு ஒயின் நான்கைந்து பாட்டில் வாங்கிவிடலாம். அந்த விலைக்கே, சாராயம் சேர்த்து இனிப்பைத் தங்கவைத்த நல்ல போர்ட் ஒயினும் கிடைக்கிறது. எதற்குப் பணம் கொடுப்பது என்று என்னிடம் கேட்டவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒழுங்காக எழுதிவிட முயல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். பழங்கொடி ஒயினுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி கைவேலைக்கும் கற்சுவருக்கும் போகிறது. சுவை அதே அளவுக்கு ஏறிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இதை அறிந்து வாங்கி, சில ஆண்டுகள் பொறுத்திருக்கவும் கூடியவருக்கு அந்த விலை தகும். வாங்கிய அன்றே திறக்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் தகாது.

## எவற்றைக் கொண்டு அளப்பது

ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். அந்த ஒயினில் அது விளைந்த இடம் எவ்வளவு தெரிகிறது? கொடுக்கும் விலை எதற்குப் போகிறது? எப்போது குடிக்கும் பதத்துக்கு வரும், அதுவரை அதை வைத்திருக்க உங்களிடம் குளிர்ந்த இடம் உண்டா? எந்த உணவோடு, எத்தனை பேரோடு அதைத் திறக்கப் போகிறீர்கள்? லேபிளில் எழுதியிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவற்றில் மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். பாட்டிலின் விலையோடு சேராத பெரிய செலவும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

## சரிவும் சுவரும்

விலை வேறுபாடு புரிய வேண்டுமானால் நிலத்தைக் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். டோரு, ஒயினுக்காக உலகில் முதன்முதலாக எல்லை வகுக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. 1756-இல் பொம்பால் பிரபுவின் ஆட்சியில் அந்த எல்லை வரையப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் 335 கருங்கல் தூண்கள் நட்டுக் குறிக்கப்பட்டது. மேற்கே பாய்ஷு கோர்கு, நடுவில் சீமா கோர்கு, ஸ்பெயின் எல்லையை ஒட்டி டோரு சுப்பீரியர் என்று அது மூன்றாகப் பிரிகிறது. கிழக்கே போகப் போக மழை குறையும்; மேற்கில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் அளவில் பெய்வது கிழக்குக் கோடியில் அதில் பாதியாகிவிடும். ‘ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்’ என்று அங்குள்ளவர்களே தங்கள் பருவநிலையைச் சொல்வார்கள்.

மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை. ஏடு ஏடாகப் பிளவுபடும் ஷிஸ்ட் பாறைதான். அதை உடைத்து, உடைந்த கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கிச் சுவராக்கி, சுவருக்குப் பின்னால் கிடைக்கும் ஒடுங்கிய திட்டில் கொடி நட்டார்கள். இந்தப் படிவரிசைக்குச் ‘சொகால்கோஸ்’ என்று பெயர். 1860-களில் ஃபைலோக்சரா என்னும் பூச்சி வந்து வேர்களைத் தின்று தோட்டங்களை அழித்தது. அப்போது கைவிடப்பட்ட படிகளை ‘மோர்ட்டோரியோஸ்’, செத்த நிலங்கள், என்று அழைத்தார்கள். சிலவற்றில் ஒலிவ மரங்கள் வந்தன. சில இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. மற்றவற்றில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டி மீண்டும் நட்டார்கள். இன்று ‘நூறாண்டுக் கொடி’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த மறுநடவில் வந்தவை. 2001-இல் இந்த நிலத்தோற்றத்தின் 24,600 ஹெக்டேர் பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

## முதல் தேர்வு: பழங்கொடிகளின் சிவப்பு ஒயின்

பழைய படிகளில் நிற்பது ஒரே வகைக் கொடி அன்று. டூரிகா நாசியோனலுக்கு அடுத்துச் சோசவுன், அதற்கடுத்து டிந்தா அமரெலா, இடையில் பெயர் மறந்துபோன ஏதோ ஒன்று என்று, நட்டவர் கையில் கிடைத்ததையும் அவர் அனுபவத்தில் தேறியதையும் கலந்து நட்டிருக்கிறார். கிந்தா டு கிராஷ்டு என்னும் தோட்டத்தின் ‘மரியா தெரேசா’ என்ற பாத்தி ஐந்து ஹெக்டேருக்கும் குறைவானது. அதில் ஒவ்வொரு கொடியையும் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது ஏறத்தாழ ஐம்பது வகைகள் தெரியவந்தன. அங்கே ஒரு கொடி பட்டுப்போனால் அதே வகைக் கன்றை அதே குழியில் வைக்கிறார்கள். அப்படியானால் நூறாண்டுத் தோட்டம் என்று சொல்லப்படுவதில் பத்தாண்டுக் கொடியும் நிற்கிறது. இதை ஏமாற்று என்று நான் கருதவில்லை. கலவை அப்படியே நீடிக்க வேண்டுமானால் வேறு வழியில்லை.

கலந்து நட்டதன் பயன் அறுவடையில் தெரியும். எல்லா வகையையும் ஒரே நாளில் பறித்து ஒன்றாகவே நொதிக்க விடுவதால், மிகப் பழுத்த குலையின் இனிப்பும், இன்னும் பழுக்காத குலையின் புளிப்பும், தடித்த தோலுள்ள குலையின் துவர்ப்பும் ஒரே தொட்டியில் சேர்கின்றன. ஒயினைத் தனித்தனியே செய்து பிறகு கலப்பவர் நாவால் தேடும் சமநிலை இங்கே தோட்டத்திலேயே பாதி அமைந்துவிடுகிறது. வேர் பாறைப் பிளவுகளில் ஆழமாக இறங்கியிருப்பதால் கோடையின் வறட்சியிலும் முதிர்ந்த கொடி எளிதில் வாடுவதில்லை. காய்ப்பு மட்டும் குறைவு. ஒரு கொடிக்கு ஒரு கிலோ பழம்கூடத் தேறாத பாத்திகள் உண்டு.

விலை ஏறுவதற்குக் காரணமும் இதுதான். படிகளின் அகலம் டிராக்டருக்குப் போதாது. உழுவதற்குக் குதிரையோ கோவேறு கழுதையோ வேண்டும்; கவாத்து, கட்டுதல், பறித்தல் எல்லாம் கையால்தான். கனமழைக்குப் பின் ஓரிடத்தில் சுவர் சரிந்தால் அதைக் கல்லுக்குக் கல் பொருத்தி மீண்டும் கட்டத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். பழைய படிகளில் ஒரு ஹெக்டேருக்கு 6,000-க்கும் மேல் கொடிகள் நிற்பதுண்டு. அத்தனைக்கும் வேலை செய்து, புதுத்தோட்டத்தில் கிடைப்பதைவிடக் குறைவான பழத்தை எடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்தால் விலை அதிகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகையில் அறியத்தக்க பெயர்கள் சில உண்டு. 1991-இல் முதன்முதலாக வந்த நீப்போர்ட் நிறுவனத்தின் ‘ரெடோமா’, போர்ட்டுக்கு மட்டுமே பெயர்பெற்றிருந்த சரிவுகளிலிருந்து நேர்த்தியான சிவப்பு ஒயினும் வரும் என்பதைப் பலருக்குக் காட்டியது. சாண்ட்ரா தவாரெஸ் ட சில்வாவும் ஜார்ஜ் செரோடியு போர்ஜெஸும் 2001-இல் பின்யவுன் பள்ளத்தாக்கின் சிறு பாத்தி ஒன்றிலிருந்து ‘பிந்தாஸ்’ செய்யத் தொடங்கினார்கள். ‘மரியா தெரேசா’ நல்ல ஆண்டுகளில் மட்டும் வெளிவருகிறது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்ல வேண்டும். இத்தகைய ஒயின் இளமையில் துவர்ப்பு மிகுந்து இறுகிக் கிடக்கும். எட்டுப் பத்து ஆண்டுகளாவது வைத்திருந்தால்தான் அதன் அடுக்குகள் பிரிந்து தெரியும். வெப்பநிலை ஏறி இறங்காத, 15 டிகிரிக்கு அருகில் நிற்கும் இருட்டறையோ ஒயினுக்கென்றே உள்ள குளிர்பெட்டியோ இல்லாதவருக்கு இந்தக் காத்திருப்பு நடக்காது. 30 டிகிரி வெயில் நாடுகளில் அலமாரியில் வைத்த பாட்டில் ஒரே கோடையில் வெந்துவிடும். அடுத்து, ஓக் பீப்பாய். சில தயாரிப்பாளர்கள் புதிய பிரெஞ்சு ஓக்கில் நீண்ட காலம் வைத்து, வனிலாவும் புகையும் மேலோங்கிய ஒயினைச் செய்கிறார்கள். ஐம்பது வகைக் கொடிகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு மரத்தின் மணத்தை மட்டும் முகர்வது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

லேபிளைப் பொறுத்தவரை, ‘பழங்கொடி’ என்ற சொல் மட்டும் இருந்தால் போதாது. பாத்தியின் பெயர், நட்ட காலம், எந்த உட்பகுதி என்ற விவரங்களைத் தயாரிப்பாளர் தருகிறாரா என்று பாருங்கள். தருபவர் பொதுவாக மறைக்க ஏதும் இல்லாதவர்.

## இரண்டாம் தேர்வு: புதுத்தோட்டத்தின் சிவப்பு ஒயின்

1970-களிலிருந்து சரிவுகள் புல்டோசரால் வெட்டப்பட்டன. கற்சுவர் இல்லாமல் மண்கரையோடு அமைந்த அகன்ற படிகளுக்குப் ‘பட்டமாரெஸ்’ என்று பெயர். அவ்வளவு செங்குத்தாக இல்லாத சரிவுகளில் படியே வெட்டாமல் மேலிருந்து கீழாக வரிசை நடுவதை ‘வின்யா ஆவ் ஆல்த்து’ என்பார்கள். இரண்டிலும் இயந்திரம் போகும். ஹெக்டேருக்குக் கொடிகள் பழைய படிகளில் உள்ளதில் பாதியாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வகையும் தனிப் பாத்தியில் நிற்கும். ஜோஸே அந்தோனியு ரோசாஸும் ஜுவவுன் நிக்கொலாவ் டி அல்மெய்டாவும் பல வகைகளை ஆராய்ந்து 1981-இல் ஐந்தைப் பரிந்துரைத்தார்கள்: டூரிகா நாசியோனல், டூரிகா ஃபிரான்கா, டிந்தா ரோரிஸ், டிந்தா பரோக்கா, டிந்து கவுன். அதன்பின் நடப்பட்ட தோட்டங்களில் பெரும்பாலும் இவையே நிற்கின்றன.

தனித்தனியே நடுவதால் ஒவ்வொன்றையும் அதன் பதத்தில் பறித்துத் தனியே நொதிக்க வைத்துப் பிறகு கலக்கலாம். டூரிகா நாசியோனலின் பூமணமும் கருநிறமும், டூரிகா ஃபிரான்காவின் பழச்சுவையும் தெளிவாக நிற்கும். பிரான்சின் புரூனோ பிராட்ஸும் சைமிங்டன் குடும்பமும் சேர்ந்து 2000 முதல் செய்துவரும் ‘கிரிசேயா’ முதன்மையாக இவ்விரு வகைகளைக் கொண்டு அமைவது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். டோருவின் மிகப் புகழ்பெற்ற சிவப்பு ஒயின் ‘பார்கா வெல்யா’. ஃபெர்னாண்டு நிக்கொலாவ் டி அல்மெய்டா 1952-இல், மின்சாரம் எட்டாத டோரு சுப்பீரியரில், நொதிக்கும் தொட்டியைக் குளிர்விக்கக் கடற்கரையிலிருந்து பனிக்கட்டி வரவழைத்து அதைச் செய்தார். அன்று முதல் ஏறத்தாழ இருபது முறை மட்டுமே அந்தப் பெயரில் ஒயின் வெளிவந்திருக்கிறது. தகுதி இல்லை என்று கருதும் ஆண்டுகளில் வேறு பெயரில் விற்கிறார்கள். இன்று அதற்கு முக்கியமாகப் பழம் தருவது கிந்தா ட லேடா. 1970-களின் இறுதியில் வாங்கப்பட்டுப் புதுமுறையில் நடப்பட்ட தோட்டம். பழைய கற்சுவர் இல்லாமல் உயர்ந்த ஒயின் வராது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆரம்பத்தில் நட்ட புதுத்தோட்டங்களுக்கும் இப்போது நாற்பது வயது கடந்துவிட்டதால், பழையது புதியது என்ற கோடே மங்கி வருகிறது.

குறைகள் என்று பார்த்தால், இளங்கொடிகளின் வேர் ஆழம் போயிராததால் கடும் கோடையில் அவை சோர்ந்துவிடும். கிழக்குப் பகுதியில் சொட்டுநீர் இல்லாமல் பல தோட்டங்கள் தாங்குவதில்லை. மண்கரைகள் மழையில் அரிக்கும், களை மண்டும். களைக்கொல்லி தெளிப்பவர்களும் உண்டு. இந்தச் செலவு உங்கள் ரசீதில் வராது, ஆற்றில் கரைந்து போகும். ஒற்றை வரிசைக்கு மட்டும் இடம் விட்டு, நீளவாட்டில் மெல்லிய சாய்வு கொடுத்து வெட்டும் புதிய படிகள் இந்த அரிப்பைப் பெருமளவு குறைக்கின்றன. அப்படிச் செய்பவர்களை நான் மதிக்கிறேன்.

பத்துப் பதினைந்து யூரோ விலையில் இந்த வகை ஒயின் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கிய ஆண்டே திறக்கலாம். இந்த விலையில் டோருவுக்கு ஈடு சொல்லக்கூடிய ஐரோப்பியப் பகுதிகள் அதிகம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

## மூன்றாம் தேர்வு: அதே சரிவின் போர்ட்

‘பிந்தாஸ்’ பாத்தியிலிருந்து சிவப்பு ஒயினும் வருகிறது, வின்டேஜ் போர்ட்டும், அதாவது ஒரே நல்ல ஆண்டின் விளைச்சலில் செய்த போர்ட்டும், வருகிறது. வேறுபாடு தொட்டியில்தான். நொதித்தல் பாதியில் இருக்கும்போது 77 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றினால் நொதித்தல் நின்று, மிஞ்சிய இனிப்பு அப்படியே தங்கிவிடும். 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது மரபான கணக்கு. இரண்டும் சேர்ந்து 550 லிட்டர், அதாவது ஒரு ‘பீப்பா’. தமிழில் நாம் சொல்லும் பீப்பாய் இந்தப் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். டோருவில் இன்றும் விளைச்சலைப் பீப்பாக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.

பழங்கொடிகளைச் சுவைக்க இது ஒரு குறுக்கு வழி என்றே சொல்வேன். நல்ல வின்டேஜ் போர்ட் பலவற்றில் பழைய கலப்புப் பாத்திகளின் பழம் இருக்கும். கருங்கல் தொட்டியில் காலால் மிதித்துச் சாறெடுக்கும் வழக்கமும் இங்கேதான் அதிகம் நிலைத்திருக்கிறது. கிந்தா டு நோவாலின் ‘நாசியோனல்’ ஒட்டுக் கட்டாத, சொந்த வேரில் நிற்கும் ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர் கொடிகளிலிருந்து வருவது. அதன் 1931 விளைச்சலைப் பற்றி ஒயின் உலகம் இன்றும் பேசுகிறது. அது நம் பட்ஜெட்டுக்குள் வரும் பாட்டில் இல்லை, சரிதான். ஆனால் அறுவடைக்குப் பின் நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்குள் பாட்டிலில் அடைக்கப்படும் ‘எல்.பி.வி.’ (லேட் பாட்டில்டு வின்டேஜ்) வகை, பழங்கொடிச் சிவப்பு ஒயினைவிட வெகு மலிவு, வாங்கியவுடன் குடிக்கலாம்.

போர்ட்டில் ஆல்கஹால் 19 முதல் 22 விழுக்காடு, இனிப்பும் அதிகம். ஒரு வேளை உணவு முழுவதற்கும் அதைத் துணையாக்க முடியாது. நீரிழிவு உள்ளவர்கள் கூடும் இடத்தில் அது பொருத்தமான தேர்வு இல்லை. வின்டேஜைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டும், எல்.பி.வி. ஒரு வாரம் போலத் தாங்கும். பீப்பாயிலேயே பல ஆண்டு முதிர்ந்த டானி வகை குளிர்பெட்டியில் சில வாரம் நிற்கும்.

விவசாயியின் பக்கம் ஒரு செய்தி. எந்தப் பாத்தியில் எவ்வளவு சாற்றைப் போர்ட்டாக்கலாம் என்பதற்கு ஆண்டுதோறும் உரிமை அளவு உண்டு. உயரம், சரிவு, கொடியின் வயது முதலியவற்றுக்குப் புள்ளி கொடுத்து ஏ முதல் எஃப் வரை தரம் பிரிக்கிறார்கள். உரிமைக்கு உட்பட்ட பழத்துக்கு நல்ல விலை. அதே கொடியின் மீதிப் பழம் பல ஆண்டுகளில் வளர்த்த செலவுக்கும் கீழே விற்கப்படுகிறது. மலிவான சிவப்பு ஒயினின் மலிவுக்கு இதுவும் ஒரு காரணம். அதனால், விவசாயிக்குக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைந்த விலையில் டோரு ஒயின் கண்ணில் பட்டால் நான் கையிலெடுக்க மாட்டேன்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | பழங்கொடிச் சிவப்பு | புதுத்தோட்டச் சிவப்பு | போர்ட் |
|---|---|---|---|
| இடம் தெரிவது | மிக அதிகம், ஓக் மிகாவிட்டால் | வகையின் குணம் முன்னே நிற்கும் | வின்டேஜில் அதிகம் |
| விலை எதற்கு | கைவேலை, சுவர், குறை விளைச்சல் | ஒயின் செய்யும் திறன் | சாராயம், முதிர்விக்கும் காலம் |
| குடிக்கும் காலம் | 8–10 ஆண்டு பொறுத்து | வாங்கிய ஆண்டே | எல்.பி.வி. உடனே, வின்டேஜ் வெகுகாலம் பொறுத்து |
| திறந்தபின் | மறுநாளுக்குள் | மறுநாளுக்குள் | 2 நாள் முதல் சில வாரம் வரை |
| மறைசெலவு | குளிர்ந்த சேமிப்பிடம் | மண் அரிப்பு, நீர் | இனிப்பு, உயர்ந்த ஆல்கஹால் |

## எந்த நிலையில் எது

வீட்டில் எட்டுப் பேர் கூடி இறைச்சி விருந்து என்றால் புதுத்தோட்ட ஒயின் மூன்று பாட்டில் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். டோருவிலேயே ஆட்டுக்குட்டி வறுவலோடு இப்படிப்பட்டதைத்தான் மேசையில் வைக்கிறார்கள். காரம் தூக்கலான உணவு என்றால் 13.5 விழுக்காட்டுக்கு மேற்படாததைத் தேடுங்கள். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும்.

உணவுக்குப் பின் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து நெடுநேரம் பேசப் போகிறீர்கள் என்றால் போர்ட். பரிசாகக் கொடுப்பதற்கும், பெறுபவரின் சேமிப்பு வசதி தெரியாத நிலையில், டானியே பாதுகாப்பானது.

குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினை எடுத்து வைக்க விரும்புகிறவர் வின்டேஜ் போர்ட்டைத் தேடட்டும். எல்லா ஆண்டும் அது அறிவிக்கப்படுவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழங்கொடி ஒயின் யாருக்கு? குளிர்ந்த இடம் இருக்கிறவருக்கு. ஒரே பாட்டிலை இருவர் மூவராக மெதுவாகக் குடிக்க முடிகிறவருக்கு. அந்தப் படிகள் இன்னும் ஒரு தலைமுறை நிற்க வேண்டும் என்று விரும்புகிறவருக்கு. சேமிப்பிடம் இல்லாமலும் இதையே விரும்பினால் ஒரு வழி உண்டு: கடைக்காரரிடம் ஏற்கெனவே எட்டு ஆண்டு கடந்த பாட்டிலைக் கேளுங்கள், அது எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் கூடவே கேளுங்கள்.

அப்படி ஒன்று கிடைத்தால், முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து வண்டல் அடியில் தங்க விடுங்கள். திறப்பதற்கு முன் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து 17 டிகிரி அளவுக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் குடுவையில் மெல்ல ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். முதல் வாயில் துவர்ப்பு மட்டுமே தெரிந்தால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள்.